‘தவறிவிட்டது என்று எழுதுங்கள்’

என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது: “தனியார் நிறுவனங்களில் கடைநிலை ஊழியர் வரை எல்லோருக்கும் இலக்கு இருக்கிறது. போலீஸ் நிலையங்களுக்கும் மாதத்துக்கு இத்தனை வழக்கு, ஆண்டுக்கு இத்தனை சதவீதம் குற்றக் குறைப்பு என்று இலக்கு வைத்து, அதைக் கொண்டே பதவி உயர்வு கொடுத்தால் என்ன? வேலையும் நடக்கும், மக்களுக்கும் நம்பிக்கை வரும் அல்லவா?”

வேலை நடக்கும். எந்த வேலை நடக்கும் என்பதில்தான் சிக்கல்.

சில ஆண்டுகளுக்கு முன் என் சித்தியின் கைப்பேசியை, பைக்கில் வந்த இருவர் பிடுங்கிக்கொண்டு பறந்துவிட்டார்கள். துணைக்கு நானும் நிலையத்துக்குப் போனேன். நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மனுவைப் படித்துவிட்டு, “அம்மா, பறித்தார்கள் என்று எழுதினால் உங்களுக்குத்தான் அலைச்சல். தவறிவிட்டது என்று எழுதிக் கொடுங்கள். இப்போதே சி.எஸ்.ஆர். ரசீது போட்டுத் தருகிறேன், அதை வைத்துப் புது சிம் வாங்கிக்கொள்ளலாம்” என்றார். சித்திக்கு வேண்டியதும் சிம்தான். எழுதிக் கொடுத்தார். அந்த மாதக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் அந்த நிலையத்தின் வழிப்பறிக் கணக்கு ஒன்று குறைவாகப் போயிருக்கும். படியிறங்கும்போது சித்தி கேட்டார்: “அப்படியானால் நான்தான் கவனமில்லாமல் தொலைத்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேனா?”

அந்த ரைட்டர் சோம்பேறி என்றோ கெட்டவர் என்றோ இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. அவர் தன் மேலதிகாரிக்கு வேண்டியதைச் செய்தார். உலகில் போலீஸ் இலக்குகளின் வரலாற்றைப் படித்தால், இந்த ஒரே காட்சி வெவ்வேறு ஊரில், வெவ்வேறு சீருடையில் திரும்பத் திரும்ப வருகிறது. எல்லாவற்றிலும் நன்றாக ஆவணப்படுத்தப்பட்டது நியூயார்க் கதை என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஊருக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். 1990ல் நியூயார்க் நகரில் 2,200 பேருக்கு மேல் கொலை செய்யப்பட்டார்கள். ஒரே ஆண்டில், ஒரே நகரில். அந்தக் காலத்தில் சுரங்க ரயில் போலீஸில் இருந்தவர் ஜாக் மேப்பிள். தடித்த உடம்பு, வில் கழுத்துப்பட்டை, வட்டத் தொப்பி, இரண்டு நிற ஷூ என்று பழைய நாடக நடிகர் போல உடுத்துகிறவர். ரயில் பாதைகளின் வரைபடத்தை 55 அடி நீளத்துக்குச் சுவரில் ஒட்டி, எங்கே, எந்த நேரத்தில் வழிப்பறி நடந்தது என்று கிரேயான் கொண்டு குறித்து வந்தார். திருடன் எங்கே வருகிறானோ அங்கே போலீஸை நிறுத்து என்பதுதான் அவர் தத்துவம். கேட்டால், இதைக்கூடவா ஒருவர் கண்டுபிடிக்க வேண்டும் என்று தோன்றும். அதுவரை போலீஸ் எண்ணிக்கை காகிதத்தில் தூங்கியது. ஆண்டு முடிந்து பல மாதம் கழித்துத்தான் யாராவது அதைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

1994ல் வில்லியம் பிராட்டன் நகரப் போலீஸ் ஆணையரானதும் மேப்பிளைத் துணை ஆணையராக்கினார். மேப்பிளின் வரைபடம் ‘காம்ப்ஸ்டாட்’ என்ற பெயரில் ஓர் அமைப்பாக மாறியது. வாரம் இரண்டு முறை, காலை ஏழு மணிக்குத் தலைமையகத்தில் கூட்டம். வட்டாரப் போலீஸ் நிலையங்களின் தலைவர்களை ஒருவர் பின் ஒருவராக மேடைக்கு அழைத்து, பின்னால் திரையில் அவர்களுடைய எல்லையின் கணக்கைப் போட்டுக் கேள்வி கேட்பார்கள். இந்தத் தெருவில் மூன்று வழிப்பறி, என்ன செய்தீர்கள்? இந்த வீட்டில் நான்கு முறை துப்பாக்கிச் சூடு, யார் குடியிருக்கிறார்கள்? பதில் தெரியாதவர் மாற்றப்பட்டார். ஆரம்ப ஆண்டுகளில் இது பெரும் பலன் தந்தது என்றே நினைக்கிறேன். தன் எல்லையில் என்ன நடக்கிறது என்று அதிகாரிக்குத் தெரிந்தே ஆகவேண்டிய நிலை வந்தது. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தின் சூட்டையும் சொல்ல வேண்டும். ஒரு முறை உயர் அதிகாரி ஒருவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கையில், அவருக்குப் பின்னாலிருந்த திரையில் மூக்கு நீண்டுகொண்டே போகும் பினோக்கியோ படத்தைப் போட்டார்கள். சக அதிகாரிகள் நிறைந்த சபையில் ‘நீ பொய்யன்’ என்று சொல்லாமல் சொல்வது. பள்ளிக்கூடத்தில் முட்டிபோட வைத்ததை ஐம்பது வயதிலும் மறக்காதவர்களை எனக்குத் தெரியும். துப்பாக்கியும் பதவியும் உள்ள ஒருவர் அந்த மேடையில் மறுபடி நிற்காமல் இருக்க என்னவெல்லாம் செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் செய்யக்கூடியது இரண்டு. குற்றத்தின் எண்ணிக்கை குறைய வேண்டும், போலீஸ் நடவடிக்கையின் எண்ணிக்கை கூட வேண்டும். முதல் எண்ணைப் பொதுமக்களின் புகார் தீர்மானிக்கிறது. இரண்டாவது எண்ணைக் காவலரின் பேனா தீர்மானிக்கிறது. ஒன்றைக் கீழே அழுத்த வேண்டும், மற்றொன்றை மேலே தூக்க வேண்டும். இரண்டு வேலைக்கும் பொதுமக்களே கச்சாப் பொருள்.

முதலில் கீழே அழுத்தும் கதை. நியூயார்க் சட்டப்படி 1,000 டாலருக்கு மேல் திருடினால் அது பெருந்திருட்டு. ஏழு பெருங்குற்றங்களின் பட்டியலில் அது சேரும், மேடையில் கேள்வி வரும். 1,000க்குள் என்றால் சிறு திருட்டு, யாரும் கேட்க மாட்டார்கள். கேப்டனாகவோ அதற்கு மேற்பட்ட பதவியிலோ இருந்து ஓய்வு பெற்ற அதிகாரிகளிடம் இரண்டு ஆய்வாளர்கள் பெயர் கேட்காமல் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். ஜான் எட்டர்னோ, ஈலை சில்வர்மன் என்ற அந்த இருவரில் முன்னவரே நியூயார்க் போலீஸில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். 2010ல் முடிவு வெளிவந்தது. குற்றத்தைக் குறைத்துக் காட்டும் அழுத்தத்தால் புள்ளிவிவரங்கள் திருத்தப்பட்டன என்று நூற்றுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். திருடுபோன பொருளுக்கு இணைய ஏலத் தளமான ஈபேயில் இதைவிட மலிவான விலை கிடைக்கிறதா என்று நிலையத்தில் உட்கார்ந்து தேடினார்களாம். பறிகொடுத்தவர் 1,200 டாலர் என்பார், இவர்கள் 900க்கு ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள், குற்றம் படியிறங்கிவிடும். சில அதிகாரிகள் சம்பவ இடத்துக்கே போய், புகார் வேண்டாமே என்று பாதிக்கப்பட்டவரிடம் பேசிப் பார்த்திருக்கிறார்கள். வழிப்பறியைத் தொலைந்த பொருளாகப் பதிவதும் இதே குடும்பத்து உத்திதான். எங்கள் ரைட்டருக்கு அங்கேயும் சொந்தக்காரர்கள் உண்டு.

இது நியூயார்க்கின் கண்டுபிடிப்பும் இல்லை. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், நிக்சன் ஆட்சியில், தலைநகர் வாஷிங்டனில் குற்றம் குறைந்தே தீர வேண்டும் என்று நெருக்கினார்கள். குறைக்க முடியாத அதிகாரிகளை மாற்றிவிடுவேன் என்று போலீஸ் தலைவர் சொன்னார். அப்போது அங்கே எல்லைக்கோடு 50 டாலர். அதற்கு மேற்பட்ட திருட்டுகள் மாயமாகக் குறைந்தன. பொருட்களின் மதிப்புத்தான் திடீரென்று 50க்குக் கீழே இறங்கியிருந்தது. டொனால்ட் கேம்பெல் என்ற உளவியலாளர் 1970களில் இந்த உதாரணத்தையும் எடுத்துக்காட்டித்தான், பின்னாளில் தன் பெயரால் வழங்கும் விதியை எழுதினார். ஒரு புள்ளிவிவரத்தைக் கொண்டு முடிவுகள் எடுக்க எடுக்க, அந்தப் புள்ளிவிவரம் கெடும். அது அளக்க வந்த வேலையையும் சேர்த்துக் கெடுக்கும் என்பது அதன் சாரம். பொருளாதாரத்தில் குட்ஹார்ட் என்பவரும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே போன்ற ஒன்றைச் சொன்னார். நம்மூரில் இதற்கு விதியெல்லாம் தேவைப்படவில்லை. கலெக்டர் பார்வைக்கு வரும் நாளில் மட்டும் சத்துணவுக் கூடத்தில் முட்டை பெரிதாக இருக்கும் என்று பிள்ளைகளுக்கே தெரியும்.

கணக்கில்தானே ஏமாற்று, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மன்ஹாட்டனின் வடக்கே வாஷிங்டன் ஹைட்ஸ் என்ற பகுதி. 2002ல் அங்கே ஒரு பெண்ணைப் பாலியல் வன்முறை செய்யும்போது ஒருவன் பிடிபட்டான். விசாரித்த துப்பறிவாளரிடம் அவன், இதற்கு முன்பும் செய்திருக்கிறேன் என்று இடங்களைச் சொன்னான். துப்பறிவாளர் பழைய கோப்புகளைத் தேடினார். அத்துமீறி நுழைந்தது போன்ற சிறு குற்றங்களாக அவை பதிவாகியிருந்தன. பெருங்குற்றமாகப் பதிந்திருந்தால் ஒரே பகுதியில், ஒரே முறையில் ஒருவன் பெண்களைத் தாக்குகிறான் என்பது மேப்பிள் கனவு கண்ட அதே வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிந்திருக்கும். பெண்கள் எச்சரிக்கப்பட்டிருப்பார்கள். குற்றவாளியைப் பிடிக்க வந்த வரைபடம், அதில் புள்ளி விழக் கூடாது என்ற பயத்தாலேயே குருடாகிவிட்டது. இலக்குகள் பற்றி இதைவிடக் கசப்பான சம்பவம் எனக்குத் தெரியாது.

அடுத்து ஏட்ரியன் ஸ்கூல்கிராஃப்ட். புரூக்ளினில் பெட்ஃபோர்ட் ஸ்டைவசண்ட் பகுதியின் 81ஆம் நிலையத்தில் சாதாரணக் காவலர். 2008, 2009 ஆண்டுகளில் வேலை தொடங்குமுன் நடக்கும் ரோல்காலில் மேலதிகாரிகள் பேசுவதைச் சட்டைப் பையிலிருந்த கருவியில் பதிவு செய்துகொண்டே வந்தார். இத்தனை சம்மன் (சிறு குற்றத்துக்காக நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் சீட்டு), இத்தனை நிறுத்திச் சோதனை கொண்டு வராவிட்டால் இடமாற்றம் என்ற மிரட்டல் ஒரு பக்கம். புகார்தாரர் நிலையத்துக்குத் திரும்ப வந்து விளக்கம் சொல்ல மறுத்தால் வழிப்பறிப் புகாரை எடுக்காதே என்ற உத்தரவு மறு பக்கம். இரண்டும் ஒரே நாடாவில். 2009 அக்டோபரில் அவர் துறையின் தணிக்கைப் பிரிவுக்குப் போய் விவரம் சொன்னார். அதே மாதம் 31ஆம் தேதி, உடம்பு சரியில்லை என்று சற்று முன்னதாக வீட்டுக்குப் போனவரைத் தேடி அதிகாரிகள் படையோடு அவர் வீட்டுக்குள் நுழைந்து, விலங்கிட்டு மனநல மருத்துவமனைப் பிரிவில் சேர்த்தார்கள். ஆறு நாள் உள்ளே இருந்தார். வீட்டுக்குள் நுழைந்தவர்கள் ஒரு கருவியைப் பறித்துக்கொண்டார்கள். ஒளித்து வைத்திருந்த இன்னொன்று ஓடிக்கொண்டே இருந்தது. 2010ல் நாடாக்கள் பத்திரிகையில் வந்தன. அதே ஆண்டு துறையின் உள் விசாரணை அறிக்கையும் தயாரானது. அந்த நிலையத்தில் குற்றங்களைத் திட்டமிட்டே குறைத்துப் பதிந்தார்கள் என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் 2012ல் கசியும் வரை அந்த அறிக்கை வெளியுலகுக்குத் தெரியாது. 2015ல் நகர நிர்வாகம் 6 லட்சம் டாலர் கொடுத்து அவரோடு சமரசம் செய்துகொண்டது. தன் ஊழியன் உண்மை சொன்னதற்கு நகரம் கட்டிய தண்டம் என்றே அதைப் படிக்கிறேன்.

இனி மேலே தூக்கும் கதை. தெருவில் போகிறவரை நிறுத்தி விசாரித்து, தேவைப்பட்டால் உடம்பைத் தடவிச் சோதிக்கும் அதிகாரம் அமெரிக்கப் போலீஸுக்கு உண்டு. நியாயமான சந்தேகம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒவ்வொரு நிறுத்தலுக்கும் ஒரு படிவம். படிவம் இருந்தால் எண்ணலாம், எண்ணினால் ஒப்பிடலாம், ஒப்பிட்டால் யார் குறைவு என்று கேட்கலாம். 2002ல் 97,296 நிறுத்தல்கள். 2011ல் 6,85,724. ஒன்பது ஆண்டில் ஏழு மடங்கு. நகரத்தில் சந்தேகத்துக்குரியவர்கள் ஏழு மடங்காகப் பெருகிவிட்டார்களா? கேட்கப்பட்ட எண் பெருகியது.

2013 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் தீர்ப்பளித்தார். 2004 முதல் 2012 நடுப்பகுதி வரை 44 லட்சம் நிறுத்தல்கள். அதில் 88 சதவீதம் பேர் மீது கைதோ சம்மனோ எதுவும் இல்லை; போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஆயுதம் இருக்கலாம் என்று தடவிப் பார்த்தவர்களில் ஆயுதம் கிடைத்தது 1.5 சதவீதம் பேரிடம். நிறுத்தப்பட்டவர்களில் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் சேர்ந்து 83 சதவீதம். இது அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதமாக நடத்தப்பட்டது என்றார் நீதிபதி. எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி மேலிருந்து வந்த நெருக்கடியையும் தீர்ப்பு பேசுகிறது. இதற்கிடையில் 2010ல் நியூயார்க் மாநிலம் நிறுத்தல்களுக்குக் கோட்டா வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தது. துறை என்ன செய்தது? ‘கோட்டா’வை விட்டுவிட்டு ‘செயல்திறன் குறிக்கோள்’ என்று எழுத ஆரம்பித்தது. பெயர் மாற்றுவதில் அரசாங்கங்களுக்கு நிகர் யாரும் இல்லை.

சம்மன் கதையும் அப்படியே. 2007 முதல் 2015 வரை எழுதப்பட்டு, சட்டப்படி போதிய ஆதாரமில்லை என்று நீதிமன்றம் தள்ளிய சம்மன்கள் சுமார் 9 லட்சம். அது பற்றிய கூட்டு வழக்கில் 2017ல் 7.5 கோடி டாலர் வரை கொடுக்க நகரம் ஒப்புக்கொண்டது.

நம்பிக்கைக்கு வருகிறேன். நிறுத்தப்பட்டவன் பக்கமிருந்து பாருங்கள். பத்தொன்பது வயதுப் பையன், ரொட்டி வாங்கப் போகிறான். சுவரோடு நிற்க வைத்துத் தடவிவிட்டுப் போகச் சொல்கிறார்கள். அவனைப் பொறுத்தவரை அது ஒரு அவமானம். காவலரைப் பொறுத்தவரை அன்றைய படிவம். இந்த இடைவெளியில்தான் நம்பிக்கை விழுந்து சாகிறது. அதிகம் நிறுத்தப்படும் பகுதிகளில் 18 முதல் 25 வயதுள்ள இளைஞர்களிடம் வேரா என்ற நீதித்துறை ஆய்வு நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தி 2013ல் வெளியிட்டது. ஒருவர் கூடுதலாக ஒவ்வொரு முறை நிறுத்தப்படும்போதும், நாளை தனக்கே ஒரு வன்முறை நடந்தால் போலீஸில் சொல்வதற்கான வாய்ப்பு 8 சதவீதம் குறைகிறது என்று அது கண்டது. இதில் உள்ள விபரீதத்தைக் கவனியுங்கள். புகார் கொடுக்காதவரின் குற்றம் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாததால் குற்றம் குறைந்ததாகத் தெரியும். அதாவது மக்கள் நம்பிக்கை இழப்பதே இலக்கை எட்ட உதவுகிறது. தன்னை நம்பாதவர்கள் பெருகப் பெருக மதிப்பெண் கூடும் ஒரு துறையை யாரும் திட்டமிட்டுக் கட்டவில்லை, ஆனால் கட்டிவிட்டார்கள்.

அப்படியானால் நியூயார்க்கில் குற்றம் குறைந்ததே பொய்யா? இல்லை. இந்த இடத்தில் என் நண்பர்கள் பலர் அவசரப்படுவார்கள். கொலையை மறைப்பது கடினம், பிணம் இருக்கிறது; சுகாதாரத் துறை தனியாக எண்ணுகிறது. கார் திருட்டை மறைப்பதும் கடினம், காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகாமல் யாரும் விட மாட்டார்கள். பிராங்க்ளின் சிம்ரிங் என்ற சட்டப் பேராசிரியர் இந்த வெளிக் கணக்குகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, வீழ்ச்சி பெருமளவு உண்மைதான் என்று காட்டினார். பொய் ஓரங்களில்தான் இருந்தது. ஆனால் சாதாரண மனிதர் போலீஸைச் சந்திப்பதும் அந்த ஓரங்களில்தான். இன்னொன்று: நிறுத்தல்கள் 2014ல் சுமார் 46 ஆயிரமாகச் சரிந்தன. நகரம் கொலைக்களமாகும் என்று பயமுறுத்தியவர்கள் இருந்தார்கள். 2011ல் 515 ஆக இருந்த கொலைகள் 2017ல் 292 ஆயின. அந்த லட்சக்கணக்கான படிவங்கள் எதற்கு நிரப்பப்பட்டன என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் தேவையில்லை.

இங்கிலாந்துக்காரர்கள் இதையே எழுத்துபூர்வமாக, குழு குழுவாகச் செய்தார்கள். டோனி பிளேர் காலத்தில், 2007-08க்குள் ஆண்டுக்கு 12.5 லட்சம் குற்றங்களை ‘நீதியின் முன் நிறுத்த’ வேண்டும் என்று இலக்கு. கொலையைத் துப்புத் துலக்கினாலும் ஒன்று, மைதானத்தில் சண்டை போட்ட இரண்டு பையன்களை எழுதினாலும் ஒன்று. எது சுலபம்? முதன்முறையாகக் குற்றப் பதிவேட்டில் ஏறிய சிறுவர்களின் எண்ணிக்கை அந்த ஆண்டுகளில் உச்சத்தைத் தொட்டு, இலக்கைத் தளர்த்தியதும் மளமளவென்று இறங்கியது. லண்டனில் சதர்க் பகுதியின் பாலியல் குற்றப் பிரிவு 2008-09ல், தங்கள் தீர்வு விகிதத்தை உயர்த்துவதற்காகப் பெண்களைப் புகாரைத் திரும்பப் பெறும்படி ஊக்குவித்தது என்று, போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் ஆணையம் 2013ல் கண்டறிந்தது. அப்படிப் புகார் கைவிடப்பட்ட ஒருவன், பிறகு தன் இரண்டு குழந்தைகளையும் கொன்றான்.

நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. இத்தனை இலக்குகள் வேண்டாம், ஒரே இலக்கு போதும் என்று 2009ல் முடிவெடுத்தார்கள். அந்த ஒன்று என்ன தெரியுமா? மக்கள் நம்பிக்கை. போலீஸும் உள்ளாட்சியும் தங்கள் பகுதிப் பிரச்சினைகளைக் கவனிக்கின்றன என்று 60 சதவீதம் பேர் 2012க்குள் சொல்ல வேண்டும். நேசத்துக்கு மதிப்பெண் வைத்த கணவன் மாதிரி. 2010ல் உள்துறை அமைச்சராக வந்த தெரசா மே அதையும் ரத்து செய்தார். ஆனால் பழக்கம் ரத்தாகவில்லை. மேலிடத்து இலக்கு போனாலும், நகர அளவில், பிரிவு அளவில் அட்டவணைகள் தொடர்ந்தன. 2013ல் லண்டன் காவலர் ஜேம்ஸ் பேட்ரிக், குற்றக் கணக்குகள் திருத்தப்படுகின்றன என்று நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். 2014 ஜனவரியில் போலீஸ் குற்றப் பதிவுகளுக்கு இருந்த ‘தேசியப் புள்ளிவிவரம்’ என்ற முத்திரையை அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையம் பிடுங்கியது. அதே ஆண்டு நவம்பரில், போலீஸைத் தணிக்கை செய்யும் அமைப்பு கணக்குச் சொன்னது: மக்கள் புகார் சொன்ன குற்றங்களில் 19 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் மேல், பதிவே ஆகவில்லை. பாலியல் குற்றங்களில் 26 சதவீதம், வன்முறைக் குற்றங்களில் 33 சதவீதம்.

அயர்லாந்து இதில் கொஞ்சம் நகைச்சுவை சேர்த்தது. சாலைச் சோதனைகளில் ஓட்டுநர்களை ஊதச் சொல்லி மது அருந்தியிருக்கிறார்களா என்று பார்த்ததாகப் போலீஸ் கணினியில் ஏறிய எண்ணிக்கையை, ஊதும் கருவிகளே தமக்குள் வைத்திருந்த எண்ணிக்கையோடு 2017ல் ஒப்பிட்டார்கள். ஐந்து ஆண்டுகளில் மட்டும் 9 லட்சத்துக்கும் மேல் வித்தியாசம். இன்னும் பின்னோக்கிப் பார்த்தபோது 14 லட்சத்தைத் தாண்டியது. யாருமே ஊதாத மூச்சுகள். காவலர்கள் சாலையில் நின்றதைவிடப் படிவத்தில் அதிகம் நின்றிருக்கிறார்கள்.

நம்மிடம் இதற்குத் தனிச் சொல்லே உண்டு. இந்தியப் போலீஸ் வட்டாரத்தில் புகாரைப் பதியாமல் அமுக்குவதை ‘பர்க்கிங்’ என்பார்கள். 1828ல் எடின்பரோவில் உடற்கூறு வகுப்புக்குப் பிணம் விற்பதற்காக, உடம்பில் தடம் தெரியாதபடி மூச்சை அடைத்து ஆட்களைக் கொன்ற வில்லியம் பர்க் என்பவனின் பெயர் அது. காயம் தெரியாமல் கொல்வது. வழக்கை அப்படிக் கொல்வதற்கு இந்தப் பெயரை வைத்தவருக்கு மொழிப் புலமை இருந்திருக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையே, குற்றம் கூடுவதும் குற்றப் பதிவு கூடுவதும் வெவ்வேறு என்று எச்சரிக்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. அறிக்கை வந்த மறுநாள், குற்றத்தில் எந்த மாநிலம் முதலிடம் என்று தலைப்பு வரும். சட்டசபையில் அதை வைத்து ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள். நேர்மையாகப் பதிகிற மாநிலம் தலைகுனியும், அமுக்குகிற மாநிலம் மார்தட்டும். இதைவிட வலுவான இலக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் இருக்க முடியாது. எஸ்.பி.க்கு யாரும் எழுத்தில் உத்தரவு போட வேண்டியதில்லை. அவர் செய்தித்தாள் படிப்பவர்தானே. போன ஆண்டைவிட வழிப்பறி கூடியிருக்கிறதே என்று ஆய்வுக் கூட்டத்தில் ஒரு கேள்வி போதும். அது இன்ஸ்பெக்டர் வழியாக இறங்கி, கடைசியில் ரைட்டரின் மேஜையில் ‘தவறிவிட்டது என்று எழுதுங்கள்’ என்று வந்து நிற்கும்.

எண்ணவே கூடாது என்கிறேனா? அப்படிச் சொன்னால் மேப்பிள் கல்லறையிலிருந்து எழுந்து வருவார். எண்ணாத நிலையத்தில் ஏழையின் புகார் மட்டும்தான் காணாமல் போகும். செல்வாக்குள்ளவருக்கு எண் தேவையில்லை. எண்ணைக் கேள்வியாக வைத்தால் பயன் உண்டு: இந்தத் தெருவில் ஏன் கூடியது, என்ன உதவி வேண்டும்? அதே எண்ணை அந்த அதிகாரியின் மதிப்பெண்ணாக வைத்த மறு நொடி, அதை எழுதுகிறவரும் அதனால் பிழைப்பவரும் ஒருவரே ஆகிவிடுகிறார். பரீட்சை எழுதுகிறவனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பது போல.

ஆகவே எண் வெளியிலிருந்து வர வேண்டும். எனக்குப் பிடித்த உதாரணம் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப். அங்கே ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முகத்தாடை அறுவை மருத்துவர், உடைந்த தாடைகளோடு தன்னிடம் வருகிறவர்களில் பெரும் பகுதியினரின் சம்பவம் போலீஸுக்கே தெரியாது என்பதைக் கவனித்தார். பெயரை நீக்கிவிட்டு, எந்த இடம், எந்த நேரம், எந்த ஆயுதம் என்ற விவரத்தை மட்டும் அவசரச் சிகிச்சைப் பிரிவில் குறித்து, போலீஸோடும் மாநகராட்சியோடும் பகிர ஏற்பாடு செய்தார். எந்த மதுக்கடை வாசலில் கண்ணாடிக் குவளையால் குத்துகிறார்கள் என்று தெரிந்தது. அங்கே காவல் போட்டார்கள், குவளையை மாற்றினார்கள். வன்முறைக் காயத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர், ஒப்பிடத்தக்க மற்ற நகரங்களைவிட 42 சதவீதம் குறைந்ததாக 2011ல் ஆய்வு வந்தது. மேப்பிளின் அதே வரைபடம்தான். ஒரே வித்தியாசம், புள்ளி வைக்கும் பேனா செவிலியரின் கையில் இருந்தது. இன்ஸ்பெக்டர் எவ்வளவு முயன்றாலும் உடைந்த தாடையைத் தொலைந்த தாடையாகப் பதிய முடியாது.

பாதிக்கப்பட்டோர் கணக்கெடுப்பு இன்னொரு வழி. வீடு வீடாகப் போய், கடந்த ஓராண்டில் உங்களுக்கு என்ன நேர்ந்தது, போலீஸில் சொன்னீர்களா என்று கேட்பது. இங்கிலாந்து 1982 முதல் செய்கிறது, அமெரிக்கா அதற்கும் முன்பிருந்தே. இந்தியாவில் இது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நடந்திருக்கிறது. ஆண்டுதோறும் நடந்தால், பதிவான எண்ணுக்கும் நடந்த எண்ணுக்கும் உள்ள தூரம் குறைகிறதா என்பதைக் கொண்டு ஒரு மாவட்டத்தை மதிப்பிடலாம். அப்போது வழக்குப் பதிவது எஸ்.பி.க்கு லாபமாகிவிடும். அதிலும் ஏதாவது தில்லுமுல்லு கண்டுபிடிப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு ஊரையே சரிக்கட்ட வேண்டும்.

அதுவரை, கேள்வி கேட்டவருக்கு உபயோகமாக ஒரு விவரம். வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2013 நவம்பர் 12ல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு இப்போது இதற்கான சட்டம். அதில் எனக்குப் பிடிக்காத ஒரு சந்து இருக்கிறது: மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டுப் பதியலாம். பறிப்பு போன்ற அன்றாடக் குற்றங்கள் இந்த எல்லையில்தான் வருகின்றன, அமுக்குவதற்கு இரண்டு வாரம் தாராளம். பதிய மறுத்தால் புகாரின் சாரத்தை எஸ்.பி.க்கு எழுத்தில், தபாலிலேயே, அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். ‘தவறிவிட்டது’ என்று எழுதச் சொன்னால் எழுத வேண்டியதில்லை; நடந்ததை நடந்தபடி எழுதி, தேதி போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரைட்டர் முகம் சுளிப்பார். சித்திக்கு இதைச் சொன்னபோது, “அன்றைக்கே சொல்லியிருக்கலாமே” என்றார். அன்றைக்கு எனக்கும் சிம்தான் அவசரமாகத் தெரிந்தது.